வட்ட மேசைப் புதிர்களும் அவற்றை விடுவிக்கும் நெறியும்

நேர்வரிசைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பந்தியில் அமர்ந்தோருள் முதலில் இருப்பவர் யார், கடைசியில் இருப்பவர் யார் என்பதைக் கண்டவுடனே கூறிவிடலாம். வட்டத்திலோ முதலும் இல்லை, கடையும் இல்லை. ஆதலினாலேயே, ஒருவரினும் ஒருவர் உயர்ந்தவர் அல்லர் என்பதைக் காட்ட விரும்புவோர் வட்டமாக அமர்கின்றனர். இந்தியாவின் அரசியலமைப்புப் பற்றி 1930 முதல் 1932 வரை இலண்டனில் மூன்று தொடராக நடைபெற்ற மாநாடு வட்டமேசை மாநாடு என்றே பெயர் பெற்றது. வியட்நாமியப் போரை முடிவுக்குக் கொண்டுவரப் பாரிஸ் நகரில் கூடிய நான்கு தரப்பாரும் 1968ஆம் ஆண்டின் இறுதியிலே பல வாரங்கள் வாதிட்டது போரைப்பற்றி அன்று; மேசையின் வடிவத்தைப்பற்றியே. ஈற்றில் 1969ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கொடியோ பெயர்ப்பலகையோ இல்லாத ஒரு வட்ட மேசையும், அதன் இருமருங்கிலும் செயலாளருக்கென இரு சிறிய நீள்சதுர மேசைகளும் இடுவதென உடன்பாடு கண்டனர். வட்டத்துக்குத் தலைமாடு இல்லை என்னும் ஓர் உண்மை, நாடுகளின் மானப் பிரச்சினையையே தீர்த்து வைத்தது.

அரசியலாருக்கு உதவிய இவ்வுண்மையே பரீட்சை எழுதும் மாணவருக்கு இடர் செய்கிறது. “எண்மர் ஒரு வட்ட மேசையைச் சூழ மையத்தை நோக்கி அமர்ந்திருக்கின்றனர்” எனத் தொடங்கும் வினாக்களை நம் வாசகருட் பலர் கண்டிருப்பர். இலங்கையிலே அரச சேவைக்கான போட்டிப் பரீட்சைகளின் நுண்ணறிவு வினாத்தாள்களிலும், இந்தியாவிலே 2011ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்றுவரும் வங்கிகளின் பொதுத் தேர்விலும் இவ்வகைப் புதிர்கள் இடம்பெறுகின்றன. அவ்வங்கித் தேர்வின் முதற்கட்டத்திலே நூறு வினாக்களுக்கு ஒரு மணி நேரமே தரப்படுகிறது. சூத்திரங்களை மனனஞ் செய்து சென்றவர், தொடங்கும் இடம் தெரியாது வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காலத்தை இழப்பர். ஒரு பரீட்சையிலே சில புள்ளிகள் குறைவது சிறிய விடயம் எனச் சிலர் கருதலாம். உத்தியோகம் ஒன்றுக்குப் பல நூற்றுவர் போட்டியிடும் நாட்டிலே அச்சில புள்ளிகளே ஓர் இளைஞனின் வாழ்க்கை வழியைத் தீர்மானிக்கின்றன. ஆதலின், இப்புதிர்களுக்குச் சூத்திரம் வேண்டுவதில்லை, நெறியொன்றே போதும் என்பதை இக்கட்டுரையிலே எடுத்துக்காட்ட முற்படுகின்றோம்.

ஒருவரை நிலைநிறுத்துதல்

பொருள்களை முறைமாற்றி அடுக்கும் வகைகளை எண்ணும் கலை நம்மவருக்குப் புதியதன்று. பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதி என்னும் கணித நூலிலே இதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. பத்துக் கைகளிலே பத்துப் படைக்கலங்களை மாறிமாறித் தாங்கும் சம்புவுக்கு எத்தனை மூர்த்தி பேதங்கள் அமையும் என்பதும், நான்கு கைகளில் நான்கினைத் தாங்கும் அரிக்கு எத்தனை அமையும் என்பதும் அங்கே வரும் வினாக்களாகும். விடைகள் முறையே 3,628,800 உம் 24 உம் ஆம்.

அம்முறைப்படி, எண்மர் நேர்வரிசையில் அமரக்கூடிய வகைகள் 40,320. அவ்வெண்மரே வட்டமாக அமரின் வகைகள் 5,040 ஆகக் குறைகின்றன. காரணம் எளிது. வட்டத்தில் அமர்ந்த எல்லோரும் ஒருங்கே எழுந்து ஓர் ஆசனம் நகர்ந்து அமர்ந்தால், எவருடைய அயலவரும் மாறுவதில்லை. எதிரில் இருப்பவரும் மாறுவதில்லை. இவ்வாறு எட்டு முறை நகர்ந்தும் பெறப்படுவது ஒரே அமைப்பேயாதலின், 40,320ஐ எட்டாற் பிரிக்கின்றோம்.

இக்கணக்கிலிருந்தே நம் முதல் விதி பிறக்கின்றது. வட்டம் தனக்கொரு தலையைத் தருவதில்லையாதலால், அத்தலையை நாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஒருவரை ஓர் ஆசனத்தில் இருத்திவிட்டு, அவரை எக்காரணங்கொண்டும் அசைக்காது விடுக. யாரை இருத்துவது? எவருடைய பெயர் குறிப்புகளிலே மிகுதியாக வருகின்றதோ அவரையே இருத்துக. அவரைப் பற்றிக்கொண்டு மற்றையோர் எளிதில் வந்து சேர்வர்.

இடமும் வலமும்

இவ்வகைப் புதிர்களிலே மாணவர் பெரிதும் இடறும் இடம் இடம், வலம் என்னும் இரு சொற்களேயாம். தாளிலே வட்டம் வரைந்து, அதன் மேற்பாதியில் இருப்பவரின் இடக்கைப் பக்கத்தைத் தம் இடக்கைப் பக்கமாகவே கொண்டு பலர் தவறுகின்றனர். இதனைத் திருத்த வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. கோயில் வீதியே போதும்.

கோயிலை வலம் வருபவர், மூலவர் தம் வலக்கைப் பக்கத்தில் இருக்கும்படி நடக்கின்றார். வானிலிருந்து நோக்குவோருக்கு அவர் செல்லும் திசை கடிகார முட்கள் செல்லும் திசையே. அதனைக் கணித நூல்கள் வலஞ்சுழி என்கின்றன. தெற்கு வீதியிலே அவர் மேற்கு நோக்கிச் செல்கின்றார் எனக் கொள்வோம். அங்கே நின்று கருவறையை நோக்கித் திரும்பிக் கைகூப்பினால், அவர் செல்லவிருந்த மேற்குத் திசை இப்பொழுது எக்கைப் பக்கம் உள்ளது? இடக்கைப் பக்கம். ஆகவே, மையத்தை நோக்கி அமர்ந்தவருக்கு இடப்பக்கம் என்பது வலஞ்சுழித் திசையாகும். வலப்பக்கம் என்பது இடஞ்சுழித் திசையாகும். அவரே கருவறைக்கு முதுகைக் காட்டித் தெற்கு நோக்கி நின்றால் மேற்குத் திசை வலக்கைப் பக்கம் ஆகிவிடும். எனவே வெளிநோக்கி அமர்ந்தவருக்கு இவை தலைகீழாகின்றன. இவ்வளவே இடவலக் கணக்கு முழுவதும்.

நவக்கிரகப் புதிர்

இனி ஒரு புதிரை விடுவித்துக் காட்டுவோம். விடையை மாணவர் தாமே சென்று ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கதாக, சைவ ஆலயங்களின் நவக்கிரக மேடையையே எடுத்துக்கொள்கின்றோம். நடுவே சூரியனும், அவரைச் சூழ எட்டுத் திக்குகளிலும் ஏனைய எண்மரும் எழுந்தருளியிருப்பர். மேடையிலே அவர்கள் ஒருவரை ஒருவர் நோக்காது வெவ்வேறு திசை நோக்கி நிற்பது மரபு. புதிரின் பொருட்டு மாத்திரம், எண்மரும் நடுவிலுள்ள சூரியனை நோக்குவதாகக் கொள்வோம். குறிப்புகள் வருமாறு:

1. குரு வடக்கில் உள்ளார். அவருக்கு நேரெதிரே செவ்வாய் உள்ளார்.
2. குருவின் இடப்பக்கத்தில் இரண்டாமவர் சுக்கிரன்.
3. சனியின் இருமருங்கிலும் இராகுவும் கேதுவும் உள்ளனர்.
4. சந்திரன் செவ்வாய்க்கு அயலில் உள்ளார்.
5. கேது செவ்வாய்க்கு அயலில் இல்லை.

குருவை வடக்கில் நிலைநிறுத்துவோம். இந்நிலையில் 5,040 அமைப்புகள் நம்முன் உள்ளன. செவ்வாய் தெற்கில் அமைகின்றார்; எஞ்சியவை 720. குரு மையத்தை நோக்குகின்றாராதலின் அவருடைய இடப்பக்கம் வலஞ்சுழித் திசை. வடக்கிலிருந்து அத்திசையிலே வடகிழக்கு முதலாவது, கிழக்கு இரண்டாவது. ஆகவே சுக்கிரன் கிழக்கில் அமைகின்றார், எஞ்சியவை 120.

மூன்றாங் குறிப்பு மிக வலிது. சனியும் அவரின் இரு அயலவரும் சேர்ந்து அடுத்தடுத்த மூன்று இடங்களை வேண்டுகின்றனர். வெற்றிடங்களோ வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு என்பன. இவற்றுள் அடுத்தடுத்து மூன்று அமைவது தென்மேற்கு, மேற்கு, வடமேற்கு என்னும் தொகுதி ஒன்றே. எனவே சனி மேற்கில் அன்றி வேறெங்கும் இருத்தல் இயலாது. இராகு கேதுக்கள் அவருடைய இருமருங்கிலும் இருவகையாக அமையலாம். சந்திரனும் புதனும் எஞ்சிய ஈரிடங்களில் இருவகையாக அமையலாம். ஆக, 120 ஆக இருந்த அமைப்புகள் நான்காகச் சுருங்கின.

நான்காங் குறிப்பால், செவ்வாய்க்கு அயலான தென்கிழக்கிலே சந்திரன் அமைய, புதனுக்கு வடகிழக்கு எஞ்சுகின்றது. இப்பொழுது இரண்டு அமைப்புகளே உள்ளன. ஐந்தாங் குறிப்பு எதிர்மறையானது. செவ்வாயின் மற்றை அயல் தென்மேற்கு. அங்கே கேது இல்லையெனின் இராகு இருக்கின்றார்; கேது வடமேற்கிற்குச் செல்கின்றார். விடை ஒன்றாயிற்று. வடக்கிலிருந்து வலஞ்சுழியாகக் குரு, புதன், சுக்கிரன், சந்திரன், செவ்வாய், இராகு, சனி, கேது. கோயில்களிலே பெரிதும் வழங்கும் அமைப்பும் இதுவே.

இங்கே மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்க. முதலாவது, குறிப்புகளைத் தரப்பட்ட வரிசையிலேயே கையாளல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஓர் ஆசனத்தைத் திட்டமாகச் சுட்டும் குறிப்பு முதலிலும், பலரைத் தொகுதியாகப் பிணைக்கும் குறிப்பு அடுத்தும், எதிர்மறைக் குறிப்பு இறுதியிலும் வருவதே சிறப்பு. பரீட்சையாளர் இவற்றைக் கலைத்தே தருவர். இரண்டாவது, எதிர்மறைக் குறிப்பு தனித்து நிற்கையில் வலிமையற்றது; வெற்றிடங்கள் இரண்டாகக் குறைந்த நிலையில் அதுவே தீர்ப்பளிக்கின்றது. மூன்றாவது, ‘சனிக்கு எதிரே யார்?’ என்பது வினாவாயின், மூன்று குறிப்புகளுடனேயே ‘சுக்கிரன்’ என விடை கூறிவிடலாம். வினாவுக்கு வேண்டிய அளவு அறிந்தபின் மேலும் உழைப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

அளவை நூலார் கண்ட வழி

மேலே நாம் செய்தது என்ன என்பதை நம் முன்னோர் பெயரிட்டு வகுத்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையிலிருந்தே தொடங்குகின்றார். ஒரு பொருளை அறியுங் கருவிகள் காண்டல், கருதல், உரை என மூன்று என்பதும், பிறர் கூறும் அபாவம், பொருள், ஒப்பு, ஒழிபு முதலானவை யாவும் இம்மூன்றினுள் அடங்கும் என்பதும் அவர் கொள்கை. அவற்றுள் ‘பொருள்’, ‘ஒழிபு’ என்னும் இரண்டும் நம் புதிருக்கு மிகப் பொருந்துவன.

சொல்லப்பட்ட ஒன்று, சொல்லப்படாத வேறொன்றைக் கொண்டாலன்றிப் பொருந்தாது என நிற்பது ‘பொருள்’. பகலில் உண்ணாதவன் உடல் பருத்திருப்பின், அவன் இரவில் உண்கின்றான் எனக் கொள்வது இதற்கு மரபான உதாரணம். சனி மேற்கில் உள்ளார் என எக்குறிப்பும் கூறவில்லை. மேற்கில் இராவிடின் மூன்றாங் குறிப்புப் பொய்யாகும் என்பதாலேயே அதனைக் கொண்டோம். பலவற்றுள் ஏனையவை விலக்கப்பட்டபின் எஞ்சுவதைக் கொள்வது ‘ஒழிபு’. புதனைப் பற்றிக் குறிப்புகளிலே ஒரு சொல்லேனும் இல்லை. எழுவருக்கும் இடம் அமைந்தபின் எஞ்சிய வடகிழக்கே அவரிடம் ஆயிற்று.

கருதல் வேறு, ஊகம் வேறு என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். ‘சனி மேற்கில் இருக்கலாம்’ என்பது ஊகம். ‘சனி வேறெங்கும் இருத்தல் இயலாது’ என்பது கருதல். முன்னையதைக் கொண்டு எழுதியவர் ஐந்தாவது ஆசனத்திலே முரண்பாட்டைச் சந்தித்து, எல்லாவற்றையும் அழித்துத் தொடங்குவர். பின்னையதைக் கொண்டு எழுதியவருக்கு அழிப்பதற்கு ஒன்றும் இராது.

வழி இரண்டாகப் பிரியுமிடத்து

எல்லாப் புதிர்களும் இத்துணை நேராகச் செல்வனவல்ல. சிலவற்றிலே பாதை இரண்டாகப் பிரியும். ஓர் உதாரணம் காண்போம். பழைய மாணவர் சங்க இராப்போசனத்திலே ஒரு வட்ட மேசையைச் சூழ அறுவர் மையத்தை நோக்கி அமர்ந்திருக்கின்றனர். வைத்தியர், சட்டத்தரணி, ஆசிரியர் ஆகிய மூவரும் வெள்ளவத்தைவாசிகள். வணிகர், கணக்காளர், பொறியியலாளர் ஆகிய மூவரும் கொட்டாஞ்சேனைவாசிகள். ஓரூரார் இருவர் அடுத்தடுத்து அமரவில்லை. வணிகர் சட்டத்தரணிக்கு நேரெதிரே உள்ளார். கணக்காளர் வைத்தியருக்கு அயலில் உள்ளார். ஆசிரியரின் இடப்பக்கத்தில் முதலாமவர் வணிகர். எனின், அமர்ந்திருக்கும் முறை யாது?

வைத்தியரை முதலாம் ஆசனத்தில் இருத்தி, அவரிலிருந்து வலஞ்சுழியாக ஆசனங்களுக்கு எண் இடுவோம். ஊர் மாறி அமர்கின்றமையால், வெள்ளவத்தையாருக்கு 1, 3, 5 ஆம் ஆசனங்களும் கொட்டாஞ்சேனையாருக்கு 2, 4, 6 ஆம் ஆசனங்களும் உரியன. அறுவர் வட்டமாக அமரும் 120 வகைகளுள் இந்நிபந்தனை ஒன்றினாலேயே 12 மாத்திரம் எஞ்சுகின்றன. சட்டத்தரணி மூன்றில் இருப்பின் வணிகர் ஆறில். சட்டத்தரணி ஐந்தில் இருப்பின் வணிகர் இரண்டில். எதனைக் கொள்வது? இப்பொழுது தீர்மானிக்க ஆதாரமில்லை. ஆதலின் இரண்டு வட்டங்களை அருகருகே வரைக.

முதல் வட்டத்திலே வணிகர் ஆறில் இருக்கின்றமையால், வைத்தியருக்கு அயலில் அமரவேண்டிய கணக்காளருக்கு இரண்டாம் ஆசனமே உண்டு. பொறியியலாளர் நான்கில், ஆசிரியர் ஐந்தில் அமைவர். இரண்டாம் வட்டத்திலே வணிகர் இரண்டில் இருக்கின்றமையால் கணக்காளர் ஆறில் அமைவார். பொறியியலாளர் நான்கில், ஆசிரியர் மூன்றில். இனி இறுதிக் குறிப்பைக் காண்க. முதல் வட்டத்திலே ஐந்தில் உள்ள ஆசிரியரின் இடப்பக்கம் ஆறு. அங்கே வணிகர் உள்ளார். இரண்டாம் வட்டத்திலே மூன்றில் உள்ள ஆசிரியரின் இடப்பக்கம் நான்கு. அங்கே பொறியியலாளர் உள்ளார். ஆகவே முதல் வட்டமே விடை. வைத்தியரிலிருந்து வலஞ்சுழியாகக் கணக்காளர், சட்டத்தரணி, பொறியியலாளர், ஆசிரியர், வணிகர் என அமர்ந்திருக்கின்றனர்.

அவ்விரு வட்டங்களையும் மீண்டும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் அழகிய உண்மை புலப்படும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி விம்பம். ‘அயல்’, ‘எதிர்’, ‘இடையே’ என்னும் சொற்கள் கண்ணாடியிலும் மாறுவதில்லை. இடமும் வலமும் மாத்திரமே மாறுகின்றன. எனவே, திசையையோ இடவலத்தையோ சுட்டும் குறிப்பு ஒன்றேனும் இல்லாத புதிருக்கு ஒரே அமைப்பு விடையாதல் ஒருபோதும் இயலாது. இதனை அறிந்தவர், இடவலக் குறிப்பு எங்கேயுள்ளது என முதலில் தேடுவர். அதுவே தீர்ப்பு வழங்கும் குறிப்பு என்பது அவருக்குத் தெரியும். கண்ணாடி விம்பத்திலும் வைத்தியருக்கு எதிரே பொறியியலாளரே உள்ளார் என்பதையும் காண்க.

ஊர் மாறி அமரும் இப்புதிரின் மூத்த உறவினரைப் பற்றியும் சிறிது கூறுவோம். ஹனோயின் கோபுரம் என்னும் விளையாட்டை 1883இல் வெளியிட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, 1891இல் ஒரு வினாவை எழுப்பினார். தம்பதியர் சிலர் வட்ட மேசையிலே ஆணும் பெண்ணும் மாறிமாறி, கணவனும் மனைவியும் அடுத்தடுத்து வாராதபடி எத்தனை வகையாக அமரலாம்? பெண்களை முதலில் இருத்திய பின்னர், ஆண்கள் அமரக்கூடிய வகைகள் நான்கு தம்பதியருக்கு இரண்டே. ஐந்து தம்பதியருக்கு 13. ஆறு தம்பதியருக்கு 80. பொதுவான வாய்பாட்டை 1934இல் துஷார் என்பார் வெளியிட்டார். அதனை நிறுவிக் காட்டியவர் கப்லான்ஸ்கி, 1943இல். பெண்களை முதலில் இருத்தும் வழக்கமே கணக்கைக் கடினமாக்கியது என்பதையும், எத்தரப்பாரையும் முதலில் இருத்தாது தம்பதியருக்குரிய இடங்களை முதலில் நோக்கினால் வழி எளிதாகும் என்பதையும் 1986இல் போகார்ட், டொயில் என்னும் இருவர் காட்டினர். தொடங்கும் இடம் பிழைத்தால் பெரியோரும் நெடுங்காலம் உழல்வர் என்பதற்கு இஃதொரு சான்று.

சொல்லைப் படித்தல்

புதிரிலே தோற்பவருட் பலர் கணக்கிலே தோற்பதில்லை, வாசிப்பிலேயே தோற்கின்றனர். தமிழிலே பரீட்சை எழுதுவோர் சில தொடர்களைத் தெளிவாக விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

‘இடப்பக்கத்தில் மூன்றாமவர்’ என்பதற்கும் ‘இடையே மூவர்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. இடப்பக்கத்தில் மூன்றாமவருக்கும் நமக்கும் இடையே இருப்பவர் இருவரே. பேச்சிலே ‘இரண்டு கதிரை தள்ளி’ என்பதை ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் கொள்வர். ஆகவே குறிப்புகளை வாயாற் சொல்லிக்கொண்டிராது, உடனே வட்டத்திலே குறித்துக்கொள்க.

வட்டத்திலே இருவருக்கு இடைப்பட்ட வழி இரண்டு உண்டு. அறுவர் அமர்ந்த மேசையிலே ஒரு பக்கமாக எண்ணின் இடையே ஒருவராக இருப்பது, மறுபக்கமாக எண்ணின் மூவராகும். எண்மர் மேசையிலே இடப்பக்கத்தில் மூன்றாமவர், வலப்பக்கத்தில் ஐந்தாமவரும் ஆவார். எண்மருள் இருவருக்கிடையே இருபுறமும் மும்மூவர் எனின் அவ்விருவரும் நேரெதிராக உள்ளனர் என்பதே பொருள். எழுவர் அல்லது ஐவர் அமர்ந்த மேசையிலோ நேரெதிர் என்பதே இல்லை. அங்கே ‘எதிரே’ என்ற சொல் வருமாயின் வெற்று ஆசனம் ஒன்று உண்டா என ஐயுறுக. ‘அயல்’ என்பது இருபக்கத்தையும் தழுவும். ‘இடப்பக்கத்து அயல்’ என்பது ஒன்றையே சுட்டும். இச்சிறு வேறுபாடுகளிலேயே பரீட்சையாளரின் வலை விரிக்கப்பட்டுள்ளது.

தரவு போதாத இடம்

இவை அனைத்தினும் மேலாக மாணவர் பழகவேண்டிய பண்பு ஒன்றுண்டு. விடைகளின் இறுதியிலே ‘தரப்பட்ட குறிப்புகள் போதா’ என ஒரு தெரிவு இடம்பெறுவதுண்டு. பலர் அதனைக் கண்டு அஞ்சுகின்றனர். விடை கூறாமை தோல்வியென எண்ணி, எஞ்சிய இரண்டினுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்துவிடுகின்றனர். நவக்கிரகப் புதிரிலே ஐந்தாங் குறிப்பை நீக்கிவிட்டு, ‘குருவின் வலப்பக்கத்து அயலவர் யார்?’ என வினவினால், இராகுவும் ஆகலாம், கேதுவும் ஆகலாம். இரண்டு அமைப்புகளையும் முற்றாக வரைந்து, இரண்டும் எல்லாக் குறிப்புகளுக்கும் பொருந்துவதைக் கண்டவர் ‘போதா’ என்பதைத் துணிந்து எழுதலாம். அஃது அறியாமையன்று, அறிவின் எல்லையை அளந்து கூறும் அறிவு. கோயிலிலே கண்ட ஞாபகத்தைக் கொண்டு ‘கேது’ என எழுதுபவர், குறிப்பிலே இல்லாத ஒன்றைத் தாமாகச் சேர்த்துக்கொண்டவராவார்.

நம் பொதுவாழ்விலே இப்பழக்கத்தின் தேவை பெரிது. காதிற் கேட்ட பாதிச் செய்தியைக் கொண்டு மற்றைப் பாதியைத் தாமே இட்டு நிரப்பித் தீர்ப்புக் கூறுவோர் எத்தனை பேர்! சொல்லப்பட்டது எது, சொல்லப்பட்டதிலிருந்து தவிர்க்கவியலாது பெறப்படுவது எது, நாமாகச் சேர்த்தது எது என மூன்றையும் பிரித்தறியும் பயிற்சியை, ஒரு தாளும் பென்சிலும் கொண்டு பத்து நிமிடத்திலே இப்புதிர்கள் அளிக்கின்றன. சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் கணக்காளருக்கும் நாடோறும் வேண்டப்படும் பயிற்சியும் இதுவே.

வாசகருக்கு ஒரு பயிற்சி

இறுதியாக, வெளிநோக்கி அமர்ந்தோரும் கலந்த புதிர் ஒன்றை மாணவருக்குத் தருகின்றோம். க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின எழுத்துகள் ஆறும் வட்டமாக அமர்ந்துள்ளன. ககரம் மையத்தை நோக்குகின்றது. அதன் இடப்பக்கத்தில் இரண்டாவது சகரம். சகரம் வெளியே நோக்குகின்றது. அதன் இடப்பக்கத்தில் முதலாவது டகரம். பகரம் டகரத்துக்கு நேரெதிரே உள்ளது. தகரம் ககரத்துக்கு அயலில் இல்லை. எனின் றகரம் எங்கே?

சகரம் வெளிநோக்குவதை மறந்து டகரத்தை இருத்தியவர், பகரத்துக்கு ஆசனம் இல்லாமற் போவதைக் காண்பர். அவ்விடத்திலே ககரம் முன்னரே அமர்ந்திருக்கும். முகத்திசையைக் கருத்திற் கொண்டவருக்கு, ககரத்திலிருந்து வலஞ்சுழியாக ட, ச, த, ப, ற என முறை அமையும். றகரம் ககரத்தின் வலப்பக்கத்து அயலில் உள்ளது.

ஒருவரை நிலைநிறுத்துக, இடவலத்தை வீதி வலத்தாற் சோதிக்க, திட்டமானதை முதலிலும் ஐயமானதைப் பின்னும் கொள்க, வழி பிரியுமிடத்து இரு வட்டங்களை வரைக, குறிப்பு முடியுமிடத்திலே நீவிரும் நிற்க. இவ்வைந்தையும் கைக்கொள்ளும் மாணவர் எவ்வட்டத்தினுள்ளும் திசை தடுமாறார். அத்தகைய மாணவர் நம் கல்லூரியிலே பல்குவாராக.